உமிக்கொட்டிலில் பூட்டிய மனிதர்

கலியாணம் முடித்த கையோடு நாங்கள் இரண்டு பேரும் கிளிநொச்சிக்கு வந்துவிட்டோம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைக்கும் என்று ஊரில் கதைத்தார்கள். நாங்கள் வந்து சேர்ந்தபோது காணி எல்லாம் பிரித்துக் கொடுத்து முடிந்திருந்தது. திரும்பி ஊருக்குப் போக வெட்கம். கண்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு நெல்லு மில் இருந்தது. அங்கே என் கணவருக்கு வாச்சர் வேலை கிடைத்தது. ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கிய காலம் அது.

மில் முதலாளி அவருக்குக் காக்கி உடுப்பும் தோல் இடுப்புப்பட்டியும் ஒரு விசிலும் கொடுத்தார். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாரும், பாக்கப் பொலிஸ் மாதிரி இல்லையோ?"

"ஓம், எனக்கே பயமாக் கிடக்கு" என்றேன். அன்றைக்கு நன்றாகச் சிரித்தோம்.

ஆனால் அந்த உடுப்பை அவர் விளையாட்டாக எடுக்கவில்லை. வீதியால் பொலிஸ்காரர் போனால் நிமிர்ந்து நின்று சலூட் அடிப்பார். யாராவது ஒருவர் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டால் அதை வீட்டுக்கு வந்து சொல்லுவார். கெட்ட மனிதர் இல்லை. நெல்லுக் காயவைக்கும் பெண்கள் மடியில் கொஞ்சம் குறுணல் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த நேரம் பார்த்து இவர் மற்றப் பக்கம் திரும்பி நிற்பார். நானே கண்டிருக்கிறேன்.

மில்லில் சாக்குத் தைக்கிற ஒருவர் இருந்தார். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து வேதக்காரர். மூச்சு இழுக்கிற தொய்வு வருத்தம் வந்து கடலுக்குப் போக ஏலாமல் இந்தப் பக்கம் பிழைக்க வந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊரிலிருந்து வரும்போது, மில்லுக்கு வந்தபிறகு பிறந்த என் பிள்ளைக்குச் சிப்பி கொண்டுவந்து கொடுப்பார்.

ஒருநாள் மில் இயந்திரத்துக்கு வாங்கி வைத்திருந்த புது பெல்ட்டைக் காணவில்லை. சாக்குத் தைக்கிறவர் முதல் நாள் பின்னேரம் அந்தப் பக்கம் போனதை யாரோ கண்டதாக முதலாளிக்குச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளி யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டுக் காரில் ஏறி இருந்தார். என் கணவரைக் கூப்பிட்டு, "அவனை உமிக்கொட்டிலுக்கை போட்டுப் பூட்டு. நான் வந்து விசாரிக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை. இதையெல்லாம் என் கணவர் பிறகுதான் எனக்குச் சொன்னார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டு போனபோது கொட்டிலுக்குள் இருமல் கேட்டது. கதவில் பெரிய ஆமைப்பூட்டு தொங்கியது.

"உள்ளுக்கை ஆர்?"

என் கணவர் நடந்ததைச் சொன்னார். "அந்தாளுக்குத் தொய்வெல்லோ. உமித் தூசி ஆகாதே" என்றேன்.

"முதலாளி பின்னேரம் வந்திடுவார். நான் தண்ணி குடுத்தனான். பாரும், என்ரை சோத்தையும் குடுக்கிறன்" என்றார். பூட்டைத் திறந்து, சோற்றை உள்ளே வைத்துவிட்டு, திரும்பப் பூட்டினார். திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நான் எடுக்கேல்லை" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி அன்று வரவில்லை. கணவரும் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் விடிந்ததும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். கொட்டிலுக்குள் இருமல் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக ஓட்டைக் குழலால் காற்று இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பலகை நீக்கலால் பார்த்தேன். சாக்குகளின் மேல் குந்தி, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சுக்காக வாயைத் திறந்துகொண்டிருந்தார். உடம்பெல்லாம் உமித்தூள்.

"திறப்பு ஆரிட்டை?"

"என்னட்டைத்தான்."

"அப்ப திறவுங்கோ."

"நான் திறந்துவிட, அவர் ஓடிப்போக, முதலாளி வந்து கேட்டால் என்ன சொல்லுறது? எங்களுக்கு இஞ்சை வேறை ஆர் இருக்கினம்?" அவருடைய முகமும் பேயறைந்த மாதிரித்தான் இருந்தது. இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

எங்கே போகிறேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. பிள்ளையோடு நேரே பொலிசுக்கு நடந்தேன். என் கணவரைக் குற்றம் சொல்லப் போகவில்லை. கள்ளன் என்றால் பொலிஸ் கொண்டு போகட்டும், இல்லை என்றால் விடட்டும், எப்படியோ அந்தக் கதவு திறபடும், இவர் தலையிலிருந்தும் பாரம் இறங்கும் என்றுதான் நினைத்தேன். நான் சொன்னதை எல்லாம் அங்கே இருந்த பொலிஸ் சாஜன் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எப்ப பூட்டினது?"

"நேற்றுக் காலமை."

அவர் உடனே எழும்பித் தொப்பியைப் போட்டார்.

பொலிஸ் ஜீப்பைக் கண்டதும் என் கணவர் ஓடிவந்து நிமிர்ந்து நின்று சலூட் அடித்தார். சாஜன் கையைத் தூக்கவில்லை. "திற" என்றார். திறந்தார். அந்த மனிதரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டு, சாஜன் என் கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் ஏறு."

அவர் சாஜனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கோட்டில் எங்களுக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார் நல்ல மனிதர். வழக்குக்கு முன்னால் எங்களை இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். "வாச்சர் எண்டால் பொலிஸ் இல்லை. காக்கி ஆரும் தைச்சுப் போடலாம். றோட்டிலை போற ஆளுக்கு என்ன அதிகாரமோ, அதுதான் உமக்கும். உம்மடை கண்ணுக்கு முன்னாலை ஒருத்தன் களவெடுத்தால் பிடிக்கலாம். பிடிச்சால் சுணங்காமல் பொலிசிலை குடுக்கவேணும். பூட்டி வைக்கிறதும் விசாரிக்கிறதும் உம்மடை வேலையுமில்லை, முதலாளியின்ரை வேலையுமில்லை."

"இது எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா" என்றார் என் கணவர்.

"ஒருத்தருக்கும் ஒருத்தரும் சொல்லுறேல்லை" என்றார் பிரக்கிராசியார்.

கோட்டில் நீதவான் கேட்டது கொஞ்சம்தான்.

"அவர் பெல்ட்டை எடுத்ததை நீர் கண்ணாலை கண்டனீரோ?"

"இல்லை ஐயா. முதலாளி சொன்னவர்."

முதலாளியைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டியோடு வந்து நின்று, "நான் பொலிசுக்கு அறிவிக்கச் சொன்னனான். பூட்டச் சொல்லேல்லை" என்றார். என் கணவர் அவரை நிமிர்ந்து பார்ப்பார், ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி சொல்லியிருந்தாலும் சட்டம் தராத அதிகாரத்தை முதலாளி தரமுடியாது என்று நீதவான் சொன்னார். சில மாத மறியல் தண்டனை. பெல்ட்டை யார் எடுத்தது என்பது கடைசிவரை தெரியவில்லை.

நான் முரசுமோட்டையில் வயல்களில் களை பிடுங்கிப் பிள்ளையைப் பார்த்தேன். வசதிப்பட்ட நேரம் ரயிலில் யாழ்ப்பாணம் போய் அவரை மறியலில் பார்த்துவருவேன். முதல் தடவை போனபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பிள்ளையை விசாரித்தார். பிறகு கம்பிக்குக் கிட்ட வந்து சொன்னார்.

"நீர் போயிருக்காட்டி அந்தாள் அண்டைக்கே செத்திருக்கும்."

நான் அழுதேன்.

"ஆனால் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை வருசம் அது எனக்குள் கிடந்திருக்காது.

அவர் வெளியே வந்தபிறகு குத்தகைக்கு வயல் செய்தோம். சாக்குத் தைக்கிறவர் ஆஸ்பத்திரியால் நேரே தன் ஊருக்குப் போனவர், மில்லுக்குத் திரும்பி வரவே இல்லை. அடுத்த மாரியில் அவர் மோசம் போய்விட்டார், செத்தவீடு நடக்கிறது என்று நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்த ஒருவர் சொன்னார். கேட்டதும் என் கணவர் கையைக் கழுவிவிட்டு வேட்டியை மாற்றினார். வேண்டாம், அடிப்பார்கள் என்று மறித்தேன்.

"அடிச்சால் அடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் வந்தார். குசினி வாசலில் இருந்துகொண்டு சொன்னார். அங்கே தன்னை ஒருவருக்கும் தெரியவில்லையாம். தூரத்திலிருந்து வந்த ஆள் என்று பந்தலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதிரை கொடுத்து, தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் வந்து இருந்திருக்கிறார்.

"தம்பி, நீங்கள் அவருக்கு என்ன முறை?" என்று கேட்டாராம்.

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"என்னத்தைச் சொல்லுறது? தேத்தண்ணியைக் கீழை வைச்சிட்டு எழும்பி வந்திட்டன்."

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் அடுப்பு மூட்டவில்லை.