அண்ணனின் செம்புக் காசுகளும் அண்ணி சுமந்த பழியும்

எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்த தங்கையாகிய நான் கைகூப்பி வணக்கம் சொல்கிறேன். இப்படிப்பட்ட மலரில் எழுதுகிறவர்கள் போனவரைப் புகழ்வார்கள். தங்களைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நான் இரண்டையும் செய்யப் போகிறேன். கடைசி வரை பொறுமையாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும்.

அண்ணன் பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். ஆறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிள்ளான் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கினார்கள். அப்பா தண்டவாளம் போடும் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது இங்கே, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில். அண்ணனுக்குப் பதினாறு வயதாகும்போது அப்பாவைக் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆங்கிலப் பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர் அந்த மாதமே படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தார்கள். அம்மாவைக் கடைசி வரை வைத்துக் காப்பாற்றியதும், எனக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக்கொடுத்ததும், கட்டியவர் இரண்டே வருஷத்தில் கண்ணை மூடியபோது மாட்டுவண்டி கொண்டுவந்து என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போனதும் அவர்கள்தான். வண்டியில் வரும்போது, "அழுவாதம்மா, நம்ம வீடு இருக்கு" என்று ஒரு தடவைதான் சொன்னார்கள். அதற்கு மேல் பேசத் தெரியாது அவர்களுக்கு.

அண்ணனுக்கு வெற்றிலை கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அது பழங்காசு. அதிலும் எல்லாக் காசும் ஆகாது. கான்ஸ்டாண்டிநோபிள் பட்டணத்தில் இருந்து ஆண்ட கிழக்கு ரோம ராஜாக்களின் செம்புக் காசுதான் வேண்டும். பைசாந்தியக் காசு என்று அதற்குப் பெயர். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட பழசு. ஒரு பக்கம் ராஜாவின் முகம், மறுபக்கம் ஆங்கில 'எம்' போலப் பெரிய எழுத்து. சிலவற்றில் ராஜாவுக்குப் பதிலாகத் தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு இயேசுநாதரின் முகம் இருக்கும். ரயில்வே கிராணிக்கு எங்கிருந்தோ வந்த ராஜாவின் காசு எதற்கு என்று நம் உறவினர் பலரும் கேலி செய்திருக்கிறீர்கள். நானும் செய்திருக்கிறேன்.

கிள்ளானில் துணிக்கடை வைத்திருக்கும் பாய்தான் அவற்றைத் தேடிக் கொடுத்தவர். மக்கா யாத்திரை போய் வருகிறவர்களிடமும் மிசிர் என்கிற எகிப்து நாட்டுக் கப்பல்காரர்களிடமும் சொல்லிவைத்து வாங்குவார். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்க் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். எழுத்தின் ஓரம் சிதைந்திருந்தால் வேண்டாம். முகம் மழுங்கியிருந்தால் வேண்டாம்.

"பாய், இதுல மூக்கே இல்லையே."

"ஆயிரம் வருஷத்து ராசாவுக்கு மூக்கு எங்கே போய்க் கேக்குறது, கிராணியாரே? ஆளே இல்ல லா!"

அண்ணன் சிரித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எட்டு வருஷத்தில் சேர்த்தது மொத்தம் முப்பத்தொரு காசு. பஞ்சு விரித்த மரத்தட்டில் வரிசையாக இருக்கும். மண்ணுக்குள் கிடந்து கிடந்து ஒவ்வொன்றின் மேலும் பச்சையாக ஒரு படலம் படிந்திருக்கும். அந்தப் பச்சை ஒரே சீராக, வழவழவென்று இருப்பதுதான் நல்ல காசுக்கு அடையாளமாம். அதுதான் அடியில் இருக்கும் முகத்தைக் காப்பாற்றுகிறதாம். அண்ணன் எனக்கு இதைச் சொல்லவில்லை. அண்ணிக்குச் சொல்லியிருக்கிறார்கள். தட்டைத் துடைக்கும் வேலையையும் அண்ணியிடம்தான் கொடுத்திருந்தார்கள். தட்டை மட்டும், காசை அல்ல.

எனக்கு அந்தப் பச்சைக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான்: களிம்பு. செம்பில் களிம்பு ஏறவிட்டவள் வீட்டுக்காரியா என்று கேட்கும் ஜனங்கள் நாம். கோயில் சைவ வகுப்பிலும், உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவம் செம்பில் களிம்பு போல, அதைப் போக்கிக்கொள்வதே பிறவியின் பயன் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த அந்த வருஷத்துச் சரஸ்வதி பூஜை. ஊர் அருங்காட்சிசாலைக்கு நாணயம் பார்த்துச் சொல்லும் துரை ஒருவர் மறுவாரம் வீட்டுக்கு வருவதாக இருந்தார். நல்ல காசுகளைத் தேர்ந்து கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். பக்கத்தில் ஓர் அட்டையில் சேர்த்தவர் பெயர் இருக்கும். தண்டவாளக் கூலியின் மகன் பெயர். அண்ணன் அந்த அட்டையைப் பற்றித்தான் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பூஜைக்குப் புத்தகம் வைப்போம், அரிவாள்மணை வைப்போம், ஆபீஸ் பேனா வைப்போம். அண்ணனின் கல்வி இந்தத் தட்டில் அல்லவா இருக்கிறது, இதையும் வைப்போம் என்று எனக்குத் தோன்றிற்று. அண்ணன் ஆபீசில், அண்ணி காய்கறி வாங்கப் பாசாரில். தட்டை எடுத்துப் பார்த்தால் சாமி முகமெல்லாம் களிம்பேறிக் கிடக்கிறது. எந்தச் சாமியானால் என்ன, ஒளிவட்டம் இருக்கிறதே. அப்படியே அம்மன் முன்னால் வைக்க எனக்குக் கை வரவில்லை. புளியைக் கரைத்தேன். செங்கல் தூளைத் தொட்டுக்கொண்டேன். குத்துவிளக்கைத் தேய்க்கிற அதே அழுத்தத்தில் முப்பத்தொன்றையும் தேய்த்தேன். முகங்கள் மழுங்க மழுங்க, நன்றாக வெளுக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இன்று எழுதும்போதும் உள்ளங்கை கூசுகிறது.

அண்ணி வந்து மிச்சப் பாத்திரங்களை விளக்க உட்கார்ந்தார்கள். நான் கொல்லையில் பூப்பறித்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணன் வந்தார்கள். அடுக்களை வாசலில், குடங்களுக்குப் பக்கத்தில், தட்டு பளபளவென்று இருந்தது. அண்ணி முழங்கை வரை புளியும் கையுமாக இருந்தார்கள்.

"என்ன காரியம் செஞ்சே?" என்று அண்ணன் கேட்டார்கள். சத்தம் போடவில்லை.

அண்ணி அப்போதுதான் தட்டைப் பார்த்து எழுந்துவிட்டார்கள். "நான் தொடலைங்க."

"நீ தொடலேன்னா அம்மனா எறங்கி வந்து தேய்ச்சா? செஞ்சதும் இல்லாம பொய் வேறயா?"

அண்ணி கொல்லைப்பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் மடியில் பூ. ஒரு வார்த்தை, 'நான்தான்' என்ற ஒரே வார்த்தை சொன்னால் போதும். எனக்கு வேறு வீடு இல்லை. இங்கிருந்தும் அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்று இன்று தெரிகிறது. அன்றும் தெரிந்திருக்கும், கோழைத்தனம் கணக்குப் பார்க்காது. அண்ணி மறுபடி வாய் திறக்கவில்லை.

துரை சொன்னபடி வந்தார். கண்ணாடி வைத்து நாலு காசைப் பார்த்துவிட்டு, "அடடா, இதை யார் சுத்தம் செய்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் சொன்ன பதில் திரைக்குப் பின்னால் நின்ற எங்கள் இருவருக்கும் கேட்டது. எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும். அண்ணிக்குத் தெரியாது, என்ன சொன்னாரென்று என்னையே கேட்டார்கள். "என் மனைவி. படிக்காதவள்" என்பதுதான் அந்தப் பதில். ஒன்றுமில்லை அண்ணி என்று சொல்லிவிட்டேன்.

துரை ஒரு காசையும் எடுக்காமலே போனார். அதற்குப் பிறகு அண்ணன் ஒரு காசுகூட வாங்கவில்லை. கிள்ளானுக்குப் போவதும் நின்றது. அண்ணியைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை, நம்பவுமில்லை. அலமாரிச் சாவி என் இடுப்புக்கு வந்தது. வீட்டு யோசனைகள் என்னிடம் வந்தன. தமிழ்ப் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை வாங்கிக் கொடுத்தார்கள். 'அண்ணனுக்கு வலது கை' என்று நீங்களெல்லாம் என்னைப் பாராட்டினீர்கள். கல்யாணம் காதுகுத்து என்று எங்கே கூடினாலும், 'புருஷன் பொக்கிஷத்தைப் புளி போட்டுத் தேய்த்தவள்' என்று அண்ணியைக் காட்டிச் சிரித்தீர்கள். நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பன்னிரண்டு வருஷம்.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரவு பகல் பார்க்காமல் பணிவிடை செய்தது அண்ணி. அண்ணி வீட்டுக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டார்கள்.

"தேய்ச்சதை நான் எப்பவோ மறந்துட்டேன்மா. என் மொகத்தைப் பாத்து நான் தொடலைன்னாளே, அதுதான் ஆறல. ஏம்மா அவ பொய் சொன்னா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

கேட்டுவிட்டார்கள். வாசல் திறந்துதான் இருந்தது. நான் போர்வையை இழுத்துவிட்டு, "இப்ப எதுக்குண்ணே அதெல்லாம், தூங்குங்க" என்றேன். மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டார்கள். நாற்பத்தோரு வயது.

காசைத் தேய்த்தவள் நான். அண்ணி சொன்னது உண்மை. இனி எந்தப் பந்தியிலும் அந்தப் பேச்சு எழுந்தால் என் பெயரைச் சொல்லிச் சிரியுங்கள்.

அண்ணனைக் கவனித்த வைத்தியர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிய சரக்கு ஆபீஸ் நண்பர்களுக்கும், பதினாறு நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய அண்டைவீட்டாருக்கும், கடையை அடைத்துவிட்டுக் கிள்ளானிலிருந்து வந்து கடைசிவரை நின்ற பாய் அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி என்ற சொல்லை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அண்ணிக்கு எழுத்து தெரியாது. ஆகையால் அச்சுக்குக் கொடுக்குமுன் இதை அவர்களுக்கு முழுதும் வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டார்கள். துரையிடம் அண்ணன் சொன்ன இடத்தில் மட்டும் கை நின்றது.

"போடவா அண்ணி, கிழிச்சிடவா?"

"போடு."

அடுத்த கொத்தை எடுத்து உருவிக்கொண்டு, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்கள்.

"ஆஸ்பத்திரில அவரு உன்னைக் கேட்டாரே, அப்ப நான் திரும்பி வந்துட்டேன். கதவுக்கு வெளியிலதான் நின்னேன், கஞ்சியோட. இப்பச் சொல்லிடுவே, இப்பச் சொல்லிடுவேன்னு நின்னுகிட்டே இருந்தேன். கஞ்சி ஆறிப்போச்சு."