கண்டி வரைக்கும் ஒரு வலி

உம்மு குல்சும் பொய் சொன்னார் என்று வேறு யாராவது என்னிடம் சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். சொன்னார்தான், இல்லை என்று நான் மறைக்கவில்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசுகிற உரிமை எனக்குத்தான் உண்டு. அந்தப் பொய்யை மாதம் ஒரு தடவை காரில் ஏற்றி, ஹட்டனிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தவன் நான்.

என் பெயர் மத்தியாஸ். அக்கரப்பத்தனைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு, பிறகு டிரைவர் ஆனவன். ஹட்டன் டவுனில் புடவைக்கடை வைத்திருந்த ராசிக் மொதலாளியின் ஒஸ்டின் காரை ஒன்பது வருஷம் ஓட்டினேன். உம்மு குல்சும் அவருடைய மனைவி. மொதலாளிக்குக் கடையும் கணக்கும்தான் உலகம். அந்த வீட்டில் பாட்டுப் பைத்தியங்கள் இரண்டே பேர். ஒன்று உம்மு குல்சும், மற்றது மொதலாளியின் தம்பி பைஸர். சாயங்காலமானால் அண்ணியும் கொழுந்தனும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து, அடுத்து என்ன பாட்டு வரும் என்று பந்தயம் கட்டுவார்கள். காருக்கு ரேடியோ வாங்கிப் பூட்டியதும் பைஸர்தான்.

ஐம்பத்தொன்பதில் பைஸருக்கு வயிற்றுவலி வந்தது. பார்த்த டாக்டர் ஒன்றுமில்லை, வாயுதான் என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள் பைஸர் இறந்துபோனார். இருபத்துநாலு வயது.

அதன்பிறகு அவருடைய தாய் ஹவ்வா உம்மா, இந்த வீட்டில் இனிப் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மார்க்கம், பாவம் என்றெல்லாம் அவர் பேசவில்லை. பாட்டுக் கேட்டால் மகன் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம், எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றுகிறதாம். ரேடியோவைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. உம்மு குல்சும்கூட, அந்த வீட்டில் வேலைக்கு இருந்த அழகம்மா சொல்வாள், குசினியில் சமைக்கும்போது முணுமுணுக்கிறதைக்கூட விட்டுவிட்டார்.

இரண்டு வருஷம் கழித்து உம்மு குல்சுமுக்கு வயிற்றில் புண் வந்தது. அது நிஜமான வலி. கண்டியில் ஒரு பெரிய டாக்டரிடம் மாதம் ஒரு தடவை காட்ட வேண்டும் என்றானது. துணைக்கு அழகம்மா. அவளுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. முதல் வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், கண்டி போய்த்தான் திறப்பாள்.

முதல் பயணத்தில் டவுனைத் தாண்டியதும் பழக்கதோஷத்தில் நான் ரேடியோவைப் போட்டுவிட்டேன். தனியாக ஓட்டும்போது போடுகிற பழக்கம். போட்ட பிறகுதான் உறைத்தது. பதறிப்போய் அணைக்கக் கை நீட்டினேன்.

"வேணாம் அண்ணே, இருக்கட்டும்" என்றார் உம்மு குல்சும் பின்னாலிருந்து. கொஞ்சம் பொறுத்து, "வீட்டுலதானே கூடாதுன்னாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா. இது காருதானே" என்றேன். அந்த வக்கீல் வேலை என்னுடையது. அதற்கு இன்றைக்கும் நான்தான் பொறுப்பு.

மலைக்குள் ரேடியோ கேட்பது லேசான காரியமில்லை. வட்டவளைப் பக்கம் கரகரக்கும். கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு வளைவில் பாட்டு தெளிவாக வரும், அடுத்த வளைவில் மலை குறுக்கே வந்து விழுங்கிவிடும். நாவலப்பிட்டி தாண்டினால்தான் நிம்மதி. எந்த வளைவில் கிடைக்கும், எதில் போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கிடைக்கிற வளைவில் வண்டியைத் தவழவிடுவேன், கிடைக்காத இடத்தில் விரட்டுவேன். பின்னால் வருகிற பஸ்காரன் சிங்களத்தில் என் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். உம்மு குல்சும் முன்சீட்டின் முதுகில் நாடியை வைத்துச் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வெயிலானாலும் கண்ணாடியை இறக்கமாட்டார், காற்றுச் சத்தத்தில் ஒரு சொல் போய்விடும் என்று.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் கம்பளையில் நிறுத்தச் சொல்லி, மிளகாய் பொரித்துப் போட்ட வடையாகப் பார்த்து இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா, வயித்துப் புண்ணு?"

"அது ஆறி ரெண்டு மாசமாச்சு அண்ணே" என்றார், கண்ணைப் பார்க்காமல். "வலி போயிருச்சுன்னா கண்டிக்கு எதுக்குப் போறதுன்னு கேப்பாங்க. சொல்லிறாதீங்க."

நான் சொல்லவில்லை. யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். எவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்!

நட்டம் யாருக்கு என்று அழகம்மாதான் ஒருநாள் போட்டுடைத்தாள். "பெரியம்மா திங்களும் வியாழனும் நோம்பு பிடிக்கிறாங்க, தெரியுமா? மருமகளுக்குச் சொகமாகணும்னு. ராவையில தூங்கறதே இல்ல, அந்தப் புள்ள மொனகுதான்னு கதவாண்ட போயிப் போயி நிக்கிறாங்க." அறுபது தாண்டிய மனுஷி. நான் இதை உம்மு குல்சுமிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துப்போனது. அடுத்த தடவையோடு நிறுத்திவிடுகிறேன் என்றார். ஆனால் அடுத்த தடவை காரில் ஏற வந்தது அழகம்மா இல்லை. கறுப்புக் குடையும் தஸ்பீஹ் மணியுமாக ஹவ்வா உம்மா வந்து ஏறினார்.

"இந்த முறை நானே டாக்டர்ட கேக்கிறேன்" என்றார்.

கண்டி வரைக்கும் மருமகளின் கையை விடவே இல்லை. "எங்க வலிக்குது மகள்?" என்று நாவலப்பிட்டியில் ஒரு தரம், பேராதனையில் ஒரு தரம் கேட்டார். இவர் எங்கோ தொட்டுக்காட்டினார். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

டாக்டர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். புண் ஆறிவிட்டது, ஒன்றுமில்லை, இனி வரத் தேவையில்லை என்று. வேறு தாயாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று சிரித்துக்கொண்டு வந்திருப்பார். ஹவ்வா உம்மா மருமகளை இழுத்துக்கொண்டு காருக்கு வந்தபோது அவர் உதடு துடித்துக்கொண்டிருந்தது.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு விடு மத்தியாஸ்! வயித்தக் கிழிச்சுப் பாக்கட்டும். ஒண்ணுமில்லன்னு சொல்லித்தானே எண்ட பைஸர மையத்தாத் தந்தாங்க!"

நான் சாவியைத் திருகவில்லை. உம்மு குல்சும் அழ ஆரம்பித்தார். "மாமி, எனக்கு வலி இல்ல. சத்தியமா இல்ல. கார்ல பாட்டுக் கேக்கத்தான் வந்தேன். பொய் சொன்னேன் மாமி."

"பயப்படாத மகள்" என்று அவர் தலையைத் தடவினார் ஹவ்வா உம்மா. "அவனும் கத்திக்குப் பயந்துதான் வலி கொறஞ்சிருச்சுன்னு சொன்னான்."

மாமியார் நம்பவே இல்லை. வாயால் சொல்லி அவரை நம்பவைக்க முடியாது என்று எனக்கும் விளங்கிவிட்டது.

"அண்ணே, ரேடியோவைப் போடுங்க" என்றார் உம்மு குல்சும்.

பைஸர் பூட்டிய ரேடியோ. அந்தத் தாய்க்கு முன்னால் அது ஒருநாளும் பாடியதில்லை. போட்டேன். அந்த வருஷம் வந்த படத்துப் பாட்டு ஒன்று பாதியில் போய்க்கொண்டிருந்தது. உம்மு குல்சும் அழுகையோடேயே கூடப் பாடினார். ஒரு சொல் பிசகாமல், இடையில் வருகிற ஆலாபனைகூடத் தப்பாமல், முடிகிற வரைக்கும் பாடினார். பாட்டே இல்லாத வீட்டில் இருக்கிறவருக்கு இந்த வருஷத்துப் பாட்டு எப்படித் தெரியும்? ஹவ்வா உம்மாவின் கை மெல்ல மெல்ல மருமகளின் தலையிலிருந்து இறங்கியது.

நான் ரேடியோவை அணைத்தேன்.

"ஒனக்கும் தெரியுமா மத்தியாஸ்?"

"தெரியும்ங்கம்மா."

ஹவ்வா உம்மா தஸ்பீஹ் மணியை மடியில் போட்டார். "எண்ட நோம்பெல்லாம்..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பிறகு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மகள்" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா மாமி?"

ஹவ்வா உம்மா பொய் சொல்லத் தெரியாதவர். "விட்டிருக்க மாட்டேன்" என்றார். "என்னால ஏலாது மகள். இப்பவும் ஏலாது."

வீட்டில் அவர் யாரிடமும் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. டாக்டர் சுகப்படுத்திவிட்டார் என்று மகனிடம் சொன்னார். என் வேலையும் தப்பியது. மருமகளோடு முகம் கொடுத்துப் பேச மட்டும் அவருக்கு ஆறு மாதம் பிடித்தது. சுகமானவருக்குக் கண்டிக்கு என்ன வேலை? உம்மு குல்சும் அதற்குப் பிறகு அந்தக் காரில் தூரப்பயணம் போகவே இல்லை.

நான் மொதலாளியைக் கொழும்பில் இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது ரேடியோவைப் போடுவேன். மறுநாள் குசினிக் கதவடியில் மரக்கறிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, புதிதாகக் கேட்ட பாட்டின் வரிகளைக் கடிதம் வாசிப்பதுபோல மெட்டில்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வேன். உம்மு குல்சும் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார்.

ஒருநாள் கையை நிறுத்திவிட்டு, "மெட்டு எப்பிடி அண்ணே போகுது?" என்று கேட்டார்.

உள்ளே ஹவ்வா உம்மா தஸ்பீஹ் ஓதுகிற சத்தம் கேட்டது. நான் வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.