காதில் விழுந்தால்தான் தீட்டு

“மர்மம்னு ஒண்ணு சொல்ற, திகில்னு ஒண்ணு சொல்ற. ரெண்டும் பயம்தானே? இதப் பிரிச்சுப் பார்க்கத்தான் காலேஜுக்குப் போறியா?”

அண்ணன் இதைக் கேட்டது போனில். வளைகுடாவில் அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று எங்கள் தெருமுனை பாய் கடைக்குக் கூப்பிடுவான். கடையிலிருந்து ஆள் வந்து சொன்னதும் அம்மாவும் நானும் ஓடுவோம். அம்மா பேசி முடித்ததும் மிச்சமாகும் கொஞ்ச நேரம் எனக்கு. அதிலும் நான் பாடத்தைப் பற்றித்தான் பேசுவேன். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று, கொத்தனார்களுக்குக் கையாளாகப் போனவன். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. குடவாசலுக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து பட்டப்படிப்புக்குப் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறைய உண்டு. இப்போதும் குறையவில்லை.

“ரெண்டும் ஒண்ணு இல்லண்ணா” என்றேன். விளக்குவதற்குள் லைன் போய்விட்டது.

இரண்டையும் எனக்குப் பழக்கிவிட்டவனே அவன்தான். வெளிநாடு போவதற்கு முன்னால், கும்பகோணத்தில் வேலை பார்த்த நாட்களில், பேருந்து நிலையத்தில் மாத நாவல் வாங்கி வருவான். எழுத்துக்கூட்டிப் படிக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. நான் சத்தம் போட்டுப் படிப்பேன், அவன் படுத்துக்கொண்டு கேட்பான். அட்டையில் ஒரு மாதம் ‘மர்ம நாவல்’ என்று இருக்கும், அடுத்த மாதம் ‘திகில் நாவல்’ என்று இருக்கும். அட்டைக்கும் உள்ளே இருந்த கதைக்கும் பல சமயம் சம்பந்தம் இருக்காது. அச்சடித்தவர்களுக்கே இரண்டும் ஒன்றாகத்தான் பட்டிருக்க வேண்டும்.

வித்தியாசத்தை நான் கண்டுபிடித்தது தேர்வுக்குப் படித்தபோது. நானே ஓர் உதாரணம் செய்து பார்த்தேன். ஒரு வீட்டு நெல் குதிருக்குள் நல்ல பாம்பு இருக்கிறது. கதை தொடங்கும்போதே அந்த வீட்டுப் பெண் இறந்து கிடக்கிறாள். எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் குதிரின் மூடியைத் திறக்கிறார்கள். இது மர்மம். அதே பாம்பு உள்ளே போவதை முதல் பக்கத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். அந்தப் பெண் யாரையோ கேலி பேசிச் சிரித்துக்கொண்டே நெல் அள்ளக் கையை விடுகிறாள். இது திகில். பாம்பும் குதிரும் மாறவில்லை. யாருக்கு எப்போது தெரிகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அண்ணன் போனில் கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு சில மாதங்களில் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் இது மர்மக் கதையாகிவிடும். நான் பட்டது வேறு.

அன்று பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் மணிவிழா. அறுபது வயது முடிந்து, பெரியம்மா கழுத்தில் இன்னொரு முறை தாலி கட்டும் நாள். உறவுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்திருந்தோம். நடவுக்கு ஆள் இறங்கிவிட்டதால் அப்பா மட்டும் வரவில்லை. விடிந்தும் விடியாமலும் அம்மா கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தபோது பாய் கடையிலிருந்து ஆள் வந்தது. போன் என்றார்கள்.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் அண்ணன் கூப்பிட்டதே இல்லை. அம்மாவிடம் சொல்லாமல் ஓடினேன்.

பேசியது அண்ணன் இல்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த மன்னார்குடிப் பக்கத்துக்காரர்.

“தங்கச்சியா? அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இல்லைங்க, நான் மட்டும்தான். அண்ணன் எங்க?”

“பதறாமக் கேளுங்க. அண்ணன் நேத்து கட்டடத்துச் சாரத்துல...” தகரத்தை இழுப்பதுபோல ஓர் இரைச்சல். “...தவறிட்டாப்ல. அம்மாகிட்ட இப்ப...”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு செத்த போனின் ஊதல் சத்தம்.

செத்துப்போனான் என்று எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தவறிட்டார் என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் வேறெதுவும் கேட்கத் தேவையில்லை. வெளியில் கிடக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அவருடைய மகன்களும் வளைகுடாவில்தான் இருந்தார்கள். சொன்னேன்.

“எம்மவன்கிட்ட விசாரிக்கச் சொல்றேம்மா. அதுவரைக்கும் வாயத் தொறக்காத. தெரியாத சேதிய எப்புடிச் சொல்றது?”

“நாங்க திருக்கடையூர் கிளம்புறோம் மாமா.”

“போங்க. அங்கேருந்து போன் அடி.”

வீட்டுக்கு வந்தபோது அம்மா பட்டுச் சேலை கட்டி, ஈரத் தலையை முடிந்திருந்தாள். “எங்கடி போய்ட்ட? வேன்காரன் ஹாரன் அடிச்சே ஊர எழுப்பிட்டான். திரும்பு” என்று சொல்லி என் பின்னலில் பூவை வைத்துவிட்டாள். அவள் விரல் கழுத்தில் பட்டபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

வேனில் அம்மாவுக்கு எதிர் சீட்டில் நான். அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பேச்சு பொங்கி வந்தது. “மாப்பிள்ளையப் பத்திரமாப் பாத்துக்கங்க. போன தடவ மாதிரி பொண்ணு வேணாம்னு அழுதுறப் போறாரு!” என்று பெரியப்பாவை இழுத்தாள். வேனே சிரித்தது. “நீ அழுதியே, ஒங்கக்காவ விட்டுட்டு இருக்க மாட்டேன்னு, அதச் சொல்லவா?” என்று பெரியப்பா திருப்பிக் கொடுத்தார். அம்மா விடவில்லை. “எம்மவன் வரட்டும். அடுத்த வேன் எங்க வீட்டுக் கல்யாணத்துக்குத்தான்.”

குதிருக்குள் கை போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாத நாவலில் இந்த இடத்தில் பக்கத்தைத் தள்ளிவிடலாம். எத்தனையோ தடவை அண்ணன் “தள்ளு, தள்ளு, முடிவைப் படி” என்று கத்தியிருக்கிறான். வேனில் தள்ளப் பக்கம் இல்லை.

மயிலாடுதுறையில் மாலை வாங்க நிறுத்தினார்கள். எதிரில் எஸ்.டி.டி. பூத். ஓடிப்போய்ப் பாய் கடைக்குப் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி போட்டேன். எங்கேஜ்டு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அம்மா, “யாருக்குடி போனு? மாப்பிள்ளை பாத்துட்டியா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

திருக்கடையூரில் இறங்கி எல்லோரும் கோபுர வாசலைத் தாண்டிப் போனார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

தூரத்தில் நடந்த சாவுக்குத் தீட்டு எப்போது தொடங்குகிறது என்றால், சேதி காதில் விழுந்த பிறகுதான். காதில் விழாதவர்களுக்குத் தீட்டு இல்லை. எங்கள் ஊரில் இதற்காகவே கல்யாண வீட்டில் சேதியை அடக்கி வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அவள் கலசத் தண்ணீர் ஊற்றலாம், மஞ்சள் தட்டு எடுக்கலாம். எனக்கு மட்டும்தான் தீட்டு. படித்த பெண், தீட்டுப் பேச்சைக் கேட்டாலே பெரியம்மாவிடம் சண்டைக்குப் போகிறவள், அன்று என் கால் அந்த வாசற்படியைத் தாண்டவில்லை. தாண்டினால் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்தேன். இறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டே, ஏதாவது ஆகிவிடுமோ என்றும் பயந்தேன். பயத்துக்குக் கணக்கு வழக்கு இல்லை.

உள்ளே நாயனம் தொடங்கியது. அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் நிற்கும் இடத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“என்னடி, தூரமா? வேன்லயே சொல்றதுக்கென்ன?”

மாதவிலக்கு என்ற பொய் தயாராக என் கைக்கு வந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அம்மா உள்ளே போவாள், தண்ணீர் ஊற்றுவாள், சாப்பிடுவாள், வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்வாள். நானும் வீடு வரைக்கும் பார்த்துக்கொண்டே வரலாம். அதை நினைத்ததும்தான் என்னால் முடியாது என்று தெரிந்தது.

“இல்லம்மா. காலைல போன் வந்துச்சு. அண்ணன் ரூம்ல இருக்கவங்க பேசுனாங்க. சாரத்துல தவறிட்டான்னு சொன்னாங்க. லைன் கட்டாயிடுச்சு.”

அம்மா அழவில்லை. என்னைப் பார்த்தாள். கையில் இருந்த மஞ்சள் தட்டைக் கோபுரச் சுவர் ஓரமாகக் கீழே வைத்தாள்.

“பூத் எங்க இருக்கு?”

சந்நிதித் தெருவில் பூத் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. இரண்டு பேருமே குனிந்து பார்க்கவில்லை. இந்தத் தடவை மணி அடித்தது. அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அல்ஹம்துலில்லாஹ்! எங்கம்மா போய்ட்டீங்க?” என்று பாய் கத்தினார். “நல்லாருக்காப்லம்மா! சாரத்துல கால் தவறிட்டாப்லயாம். காலு! கால் எலும்புதான் முறிஞ்சிருக்கு. எம்மவன் ஆஸ்பத்திரியில நேர்ல பாத்துட்டான். வாய் ஓயாமப் பேசுதாம் அந்தப் புள்ள.”

‘கால்’ என்ற ஒரு சொல்லைத்தான் லைன் விழுங்கியிருந்தது.

அம்மா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு, பூத்தின் படியில் உட்கார்ந்து அப்போதுதான் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“ஊர்லேருந்து இதுவரைக்கும் நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன். நீ எதிர்ல ஒக்காந்து வேடிக்க பாத்துக்கிட்டு வந்தியா?”

“இல்லம்மா, நான்...”

“வேடிக்கதானடி பாத்த?”

உள்ளே போனபோது கடைசிக் கலசங்கள்தான் மிச்சம். அம்மா ஊற்றிய தண்ணீரில் பாதி பெரியம்மா தலையில் விழவில்லை. “என்னடி, என்னைய விட்டுட்டு தரையக் குளிப்பாட்டுற?” என்றாள் பெரியம்மா. அம்மா அடுத்த கலசத்துக்குக் கையை நீட்டினாள்.

அண்ணன் ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தபோது, குதிர் உதாரணத்தில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை பேசாமல் கேட்டுவிட்டு, “சரி, பாஸ் பண்ணிட்ட. அப்ப நீ பட்டது திகில்” என்றான்.

“அப்படித்தாண்ணா நெனச்சேன். அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னு நெனச்சேன். எனக்கும்தான் தெரியல. எனக்கு அது மர்மம். மர்மம்னு தெரியாமலே அதுக்குள்ள ஒக்காந்திருந்தேன்.”

“பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல. மர்மத்துல நம்மகிட்டேருந்து ஒளிக்கிறாங்க. அதுக்கு நம்ம மேல யாரும் கோவப்பட முடியாது. திகில்ல இன்னொருத்தர்கிட்டேருந்து ஒளிக்கிறதுக்கு நாமளும் கூட்டு. அதான் அம்மா அப்படிக் கேட்டாங்க.” அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஒரு நொடி நின்றது. அம்மா அதைப் பற்றி என்னிடம் மறுபடி பேசியதே இல்லை.

அண்ணன் போன மாதம் திரும்பப் போய்விட்டான். மறுபடியும் சாரம்தான். வாரத்தில் எந்த நாளில் போன் மணி அடித்தாலும் எனக்கு அது அந்தப் புதன்கிழமைதான். இப்போது எங்கள் வீட்டுக்கே போன் வந்துவிட்டது. அதிலிருந்து நான் முதலில் கூப்பிட்டது அண்ணனை இல்லை, அந்த மன்னார்குடிக்காரரை. அம்மா ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“இனிமே என்ன நடந்தாலும் மொதல்ல முடிவச் சொல்லணும். இருக்காரா இல்லையான்னு மொதல் வார்த்தையிலயே சொல்லிரணும். மத்த கதைய அப்பறம் சொல்லலாம். யாரு போன எடுத்தாலும் சரி, அம்மா எடுத்தாலும் சரி.”

“சரிங்க” என்றார்.

“சொல்லிக் காமிங்க.”

தயங்கினார். பிறகு சொல்லிக் காட்டினார். அம்மா தலையை ஆட்டியதும் போனை வைத்தேன்.