நடு ஆற்றில் சொன்ன ரகசியம்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்திருந்த ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை. திருவண்ணாமலையிலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வேனில் தென்பெண்ணை ஆற்றுக்குக் கிளம்பினோம். துடுப்பைத் தொட்டே பார்க்காதவர்களைக் கயாக் படகில் உட்கார வைத்து, வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து ஓட்டக் கற்றுத்தரும் பயணம் அது. வேங்கிக்காலில் எங்கள் வீட்டருகே ஜெராக்ஸ் கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துப் பெயர் கொடுத்திருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு உண்டு. சைக்கிள் கூடாது, கிணற்றுப் பக்கம் போகக்கூடாது என்று வளர்ந்தவள். கல்யாணத்தின்போது கணவருக்கு மட்டும் சொன்னோம். நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. மாத்திரையைக்கூட வைட்டமின் டப்பாவில்தான் வைத்திருப்பேன். மூன்று வருடமாக வலிப்பு வராததால் எனக்குத் தைரியம் ஜாஸ்தியாகிவிட்டது. கணவர் தயங்கியபோது, டாக்டரிடம் கேட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஆற்றங்கரையில் வழிகாட்டி எங்களை வட்டமாக நிற்க வைத்தார். முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். "ஹார்ட் பிராப்ளம், ஆஸ்துமா, ஃபிட்ஸ் எது இருந்தாலும் சொல்லிடுங்க. சொன்னா திருப்பி அனுப்பிடுவோம்னு நெனைக்காதீங்க. எப்படிக் கூட்டிட்டுப் போறதுனு பார்ப்போம்" என்றார். அவர் கண் என் மேல் வந்தபோது நான் லைஃப் ஜாக்கெட்டின் வாரைச் சரி செய்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

இரண்டு பேர் உட்காரும் படகில் எனக்குப் பின்னால் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஏறினார். ஊரில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் மிஷின்ல காலு ஆடுது. இன்னிக்கு கை ஆடட்டும்னு வந்தேன்" என்று சிரித்தார்.

தடுப்பணைக்கு மேலே ஆறு அகலமாகத் தேங்கி நின்றது. முதலில் படகு வட்டம் அடித்தது. நான் இடது பக்கம் துழாவினால் அவரும் இடது பக்கமே துழாவுவார். கொஞ்ச நேரத்தில் இரண்டு துடுப்புகளும் ஒன்றாக விழ ஆரம்பித்தன. நாணலிலிருந்து ஒரு நீர்க்காகம் எழுந்து எங்களுக்கு முன்னால் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தது. முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக, யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளாமல் ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நடு ஆற்றுக்கு வந்தபோது இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. மூக்கில் ரப்பர் கருகுகிற வாசனை. எனக்கு அந்த வாசனை தெரியும். அவசரமாகக் கிளம்பியதில் காலை மாத்திரை போட மறந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. வலிப்பு வர அதிகம் போனால் ஒரு நிமிடம் இருக்கும்.

அந்த ஒரு நிமிடத்திலும், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு நீச்சல் தெரியாது என்று வேனில் சொல்லியிருந்தார். படகு கவிழ்ந்தால் அவரும் தண்ணீரில்தான் விழுவார் என்ற நினைப்பு வந்த பிறகே என் வாய் திறந்தது.

"அக்கா, எனக்கு ஃபிட்ஸ் வரும். இப்ப வரப் போவுது."

"சரிம்மா. துடுப்ப வுட்டுட்டு என் மேல சாஞ்சிக்க. நான் புடிச்சிக்கிறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. தன் லைஃப் ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை அவர் ஊதும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் ஞாபகம்.

மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. என் லைஃப் ஜாக்கெட்டின் வாரில் கையை நுழைத்து, என்னைத் தன் முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டாராம் அந்த அக்கா. வழிகாட்டி தன் படகை எங்கள் படகோடு சேர்த்து, கவிழாமல் பிடித்திருக்கிறார். உதறல் நின்றதும் கரைக்குக் கொண்டுவந்து, மணலில் ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். யாரோ சாவிக்கொத்தைக் கையில் கொடுக்க ஓடிவர, "அதெல்லாம் வேணாங்க, காத்து வுடுங்க" என்று தடுத்திருக்கிறார் வழிகாட்டி.

கண் விழித்தபோது என் தலைக்கடியில் அக்காவின் துப்பட்டா மடித்து வைக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்கள். என் உடை நனைந்திருந்தது. அது ஆற்றுத் தண்ணீரால் மட்டும் நனையவில்லை என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எதுவும் கேட்காமல் ஒரு பெரிய துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டார். அவர் கீழுதடு கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என் தலை இடித்திருக்கிறது.

"என்னாலயா அக்கா?"

"ஊசியே வெரல்ல ஏறி எறங்கியிருக்கு. இது இன்னா பெரிய காயம்" என்று கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

வழிகாட்டி தண்ணீர் பாட்டிலை நீட்டினார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாட்டிலைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள், எங்கள் படகை இறுகப் பிடித்ததில் தோல் உரிந்து சிவந்திருந்தன. அதைப் பார்த்ததும்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு முழுதாக விளங்கியது. "மன்னிச்சிடுங்க" என்றேன்.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்கள ஆழத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேன் மேடம். கரையோரமா, நானே பின்னாடி உக்காந்து ஓட்டியிருப்பேன். இப்ப டாக்டர்கிட்ட போலாம் வாங்க" என்றார்.

மருத்துவமனையில் கணவர் வந்து சேரும்வரை அந்த அக்கா நனைந்த உடையோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் உதட்டுக்கு மருந்து போட்டுக்கொள்ள அதன் பிறகே எழுந்து போனார். கணவரிடம் நான் சொன்ன பொய்யை நானே ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குத் திரும்பும்போது அவர், "என்கிட்டயாவது மறைக்காம இரு" என்றார்.

அடுத்த வாரம் தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். "உங்களுக்கு வந்தா நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டு, ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார்.

போன ஆண்டு, புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவியின் அம்மா வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி நின்றார். மகளுக்கு ஃபிட்ஸ் வரும், வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று சொல்லும்போதே அழுதுவிட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் வருங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்.

இருபத்தாறு வருடங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லாமல் என்னை நானே காப்பாற்றிக்கொண்டதாக நினைத்திருந்தேன். விழும்போது தாங்க ஒரு கைகூடப் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொண்டவளும் நானேதான் என்பது, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒருத்தி என்னைத் தாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது.