கரட்டுச் சாமி சொன்ன பத்தியம்

கம்பம் ஊரில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த பொன்னுராஜுக்கு மாரடைப்பு வந்து, பிழைத்து, வீடு திரும்பிய பிறகு, அவர் மனைவி பாண்டியம்மாளுக்கு நோயாளியால் பட்ட பாட்டைவிட நோயாளியைப் பார்க்க வந்தவர்களால் பட்ட பாடுதான் பெரிது.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் விரட்டியிருக்கலாம். ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு வந்தார்கள். நெஞ்சில் நோவென்றால் நெஞ்சுக்குப் பலம் ஏற்ற வேண்டும், அதற்கு ஆட்டு நெஞ்செலும்பில் சூப்பு வைக்க வேண்டும் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே கிடையாது. மூடியைத் திறந்தால் மேலே கொழுப்பு ஆடைகட்டி நிற்கும். பாண்டியம்மாள் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் தெருமுனை திரும்பியதும் கொல்லையில் ஊற்றிவிடுவாள். அந்தக் கோடையில் தெருநாய்கள் கொழுத்துத் திரிந்தன.

அவள் ஜெயமங்கலத்தில் பிறந்தவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குப் போனவள். கல்யாணமாகி வந்தபோது பொன்னுராஜ் மண்டியில் வாழைத்தார் சுமக்கிற ஆள். இரண்டு பேரும் பாடுபட்டுத்தான் சொந்த மண்டி போட்டார்கள். சுமந்த காலம்வரை அவருக்கு ஒன்றுமில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பீடிக்கட்டு இரட்டித்தது. மத்தியானச் சாப்பாடு பரோட்டாவும் சுக்காவும் ஆயிற்று. ஏலத்தில் போட்ட கத்தல் வீட்டிலும் ஓயவில்லை. ஆனாலும் ஆள் ஒல்லி. மாரடைப்பு தொந்தி வைத்த பணக்காரர்களுக்கு வருவது என்று ஊரே நம்பியதால் யாரும் கவலைப்படவில்லை.

எழுபத்தாறாம் வருடம் மாசியில் ஒரு காலை, லாரிக்கு லோடு ஏற்றும்போது அவர் நெஞ்சில் உரலைத் தூக்கி வைத்ததுபோல் அழுத்தியது. இடதுகை முழுக்கக் கடுத்தது. சட்டை நனைய வேர்த்தது. வாயு என்றார்கள். உப்புப் போட்டுச் சோடா கொடுத்தார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். குப்புறப் படுக்கப்போட்டு ஒருவன் முதுகை மிதித்தான். அரைநாள் இப்படிப் போயிற்று. கேரள எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் வைத்திருந்த அப்துல் சமது ஏதோ வேலையாக மண்டிக்கு வந்தவர், பொன்னுராஜின் முகத்தைப் பார்த்ததும் அவரைத் தூக்கி ஜீப்பில் கிடத்தி மதுரைக்கு விட்டார்.

பல வாரம் ஆஸ்பத்திரிப் படுக்கை. புறப்படுகிற அன்று டாக்டர் பாண்டியம்மாளை உட்காரவைத்துச் சொன்னார்.

"இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைச்சுப்போச்சும்மா. வாய்க்கால் அடைச்சா கடைசி வயல் காயும்ல? அந்த மாதிரி ஒரு பக்கம் காஞ்சுபோச்சு. காஞ்சது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்திக்கிட்டா இன்னும் ரொம்ப நாளைக்கு இருப்பாரு."

"ஒல்லியான மனுசருக்கு எப்படிங்கய்யா?"

"பீடிக்கு ஒல்லி, குண்டு தெரியாதும்மா. அவங்கப்பா எப்படிப் போனாரு?"

"அம்பது ஆகுமுன்னயே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாக."

"பாத்தியா. வம்சத்துலயும் இருக்கு. அப்ப இன்னும் சாக்கிரதையா இருக்கணும்."

பீடி அடியோடு ஆகாது. கொழுப்பும் பொரித்ததும் ஆகாது. உப்பைக் குறைக்க வேண்டும். சமதரையில் நடந்து, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். மேடு ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தின்ற கையோடு நடக்கக்கூடாது. வலி வந்தால் உடனே உட்கார்ந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் நேரே ஆஸ்பத்திரி. சோடாக்கடை இல்லை. பாண்டியம்மாள் எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டாள். ஏற வேண்டிய மண்டையில்தான் ஏறவில்லை.

வந்த மறுவாரமே மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் புகை கிளம்பியது.

"டாக்டரு சிகரெட்டைத்தான் சொன்னாக. இது பீடி" என்றார் பொன்னுராஜ்.

"அப்ப சுருட்டு வாங்கியாரவா? அதையும் டாக்டரு சொல்லல."

அவருடைய அக்கா அய்யம்மாள் ஆண்டிபட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அடுப்படியில் புகுந்து குழம்பை நக்கிப் பார்த்தவள் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஏ பாண்டியம்மா, உப்பில்ல, எண்ணெயில்ல. எந் தம்பியப் பட்டினி போட்டே கொல்லப் பாக்குறியா?"

"கொல்லணும்னா நான் எதுக்கு மதினி மெனக்கெடணும்? உங்க தூக்குச்சட்டி போதுமே."

அய்யம்மாள் மூன்று மாதம் பேசவில்லை. பேசியபோது ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். தம்பி பிழைத்தால் குலசாமிக்குக் கிடாவெட்டுவதாக நேர்ந்திருக்கிறாளாம். சாமி இருப்பது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு கரட்டின், அதாவது பாறைக் குன்றின், உச்சியில். பொன்னுராஜே கிடாயைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டுமாம்.

"மேடு ஏறக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாகல்ல?"

"சாமிகிட்ட ஏறுறது மேடு ஏறுறதாடீ?"

பாண்டியம்மாள் கத்தினாள், கெஞ்சினாள், சோறு பொங்காமல் கிடந்தாள். பொன்னுராஜ் அக்கா பேச்சைக் கேட்டார். கிளம்பும்போது அவர் மாத்திரைக் குப்பியை அலமாரியிலேயே விட்டுவிட்டார். சாமிக்கு முன்னால் மாத்திரையோடு போனால் நம்பிக்கை இல்லாததுபோல் ஆகிவிடுமாம். அவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜீப் அடிவாரத்திலேயே நிற்க வேண்டும் என்று அப்துல் சமதுவிடம் சொல்லிவைத்தாள். அந்த ஊரில் அவள் சொன்னதை ஒரே தடவையில் கேட்ட ஆள் அவர் ஒருவர்தான்.

அடிவாரத்தில் வயிறுமுட்டப் பொங்கல். தின்ற கையோடு ஏற்றம். உச்சி வெயில். முன்னால் உறுமி மேளம் முழங்க, பாதிக் கரட்டில் பொன்னுராஜ் நின்றார். கிடாயின் கயிறு கைநழுவியது. உடம்பு நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

"சாமி எறங்கிருச்சு!" என்று அலறினாள் அய்யம்மாள். உறுமி இன்னும் வேகம் எடுத்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ஆடட்டும் என்று கூட்டம் சுற்றி வளைத்து இடம் விட்டது.

"சாமி இல்ல, நெஞ்சுவலி!" என்ற பாண்டியம்மாளின் குரல் யார் காதிலும் விழவில்லை. முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். அவரைப் பாறையில் சாய்த்து உட்காரவைத்து, மாத்திரையை நாக்குக்கு அடியில் திணித்து, "முழுங்கினீகன்னா பாருங்க" என்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர்ச் செம்போடு வந்த கையைத் தட்டிவிட்டாள்.

பூசாரி மொக்கைச்சாமி கைதூக்கி உறுமியை நிறுத்தினார். சாமி வந்தால் என்ன வேண்டும் என்று கேட்பது அங்கே வழக்கம்.

"அப்பனே, எங்க மேல என்ன குறை? என்ன செய்யணும்? வாய் திறந்து சொல்லு!"

கூட்டமே கைகூப்பி நின்றது. பொன்னுராஜால் வாய் திறக்க முடியவில்லை. பாண்டியம்மாள் சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர் வாய்மூடிக் கேட்கத் தயாராக நின்றதை இத்தனை மாதத்தில் அவள் பார்த்ததே இல்லை. சாமி கோபித்துக்கொண்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"எங்கிட்டச் சொல்லுது" என்றாள், அய்யம்மாளின் முகத்தைப் பார்த்து. "இந்த மனுசன் இனி எம் படி ஏறக்கூடாது, அடிவாரத்துல தேங்காய் உடைச்சாப் போதுங்குது. பீடி தொடக்கூடாதுங்குது. கறி, சூப்பு, பொரிச்சது எதுவும் வாயில படக்கூடாதுங்குது. யாராச்சும் குடுத்தா குடுத்தவுக குடும்பத்தைக் காவு கேக்குமாம். இப்ப ஒரு அடிகூட நடக்க விடாமத் தூக்கி ஜீப்புல ஏத்துங்கங்குது. சுருக்கா!"

நான்கு பேர் வேட்டியில் தொட்டில் கட்டி அவரைத் தூக்கினார்கள். மதுரை போய்ச் சேர்ந்தபோது மூச்சு இருந்தது. இந்தத் தடவை அரைநாள் வீணாகாததால் காய்ந்த பக்கம் கொஞ்சம்தான் என்றார் டாக்டர்.

அதன்பிறகு பொன்னுராஜ் பீடி பிடிக்கவில்லை. பிடிக்க யாரும் விடவில்லை. ஒருமுறை மண்டியில் பற்றவைத்ததை அய்யம்மாள் பார்த்து, வாயிலிருந்தே தட்டிவிட்டு, "எங் குடும்பத்தக் காவு குடுக்கப் பாக்குறியாடா?" என்று சாத்தினாள். உப்பில்லாத குழம்பை அவளே முன்னால் உட்கார்ந்து ஊட்டிவிட்டாள். தூக்குச்சட்டி வருவது நின்றது. பொன்னுராஜ் எண்பத்தேழாம் வருடம்வரை இருந்தார். பேரன் பேத்தி எடுத்தார். பாண்டியம்மாளின் சமையலைக் கடைசிவரை திட்டினார்.

பாண்டியம்மாளுக்கு மனசு ஆறவே இல்லை. ஒரு படித்த மனுசன் சொன்னதைத்தான் அவள் நாள் தவறாமல் தொண்டை கிழியச் சொன்னாள். அதே சொல் சாமி வாயில் வந்ததென்றதும் ஒரே நொடியில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஊரில் பேர் வாங்கியது அய்யம்மாளின் நேர்த்திக்கடன். கிடாய் தப்பித்துக் கரட்டில் இறங்கி ஓடியதுதான் அன்று நடந்ததில் பாண்டியம்மாளுக்கு முழுத் திருப்தி தந்த ஒரே விஷயம்.

சில வருடம் கழித்து, பக்கத்துத் தெருவிலிருந்து அம்மாவாசி மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் அண்ணனுக்கு நெஞ்சு கனக்கிறதாம், தாடைவரை இழுக்கிறதாம், வேர்த்து ஊற்றுகிறதாம்.

"அத்தே, உங்க வீட்டுல எந்தச் சாமிக்கு நேந்தீக? சீக்கிரம் சொல்லுங்க!"

"ஏலே, முதல்ல சமது அண்ணன் வீட்டுல ஜீப்பு நிக்குதான்னு ஓடிப் பாருடா" என்று மாத்திரைக் குப்பியைத் தேடிக்கொண்டே கத்தினாள் பாண்டியம்மாள். "சாமிகிட்ட, மதுரைக்குப் போற வழியில பேசிக்கிருவோம்."