மாறிலி என்று பெயர் வைத்தது யார்

மின்னுழைய மாறிலி என்று பள்ளியில் படித்தபோதே அந்தச் சொல்மேல் எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்தால், தகடுகள் எத்தனை மடங்கு கூடுதலாக மின்னேற்றத்தைச் சேமிக்கும் என்று சொல்லும் எண் அது. மாறாதாம், அதனால் மாறிலியாம். வெள்ளைப் பெயின்றில் கலக்கும் தைத்தேனியம் ஈரொட்சைட்டின் பளிங்கை அளக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிந்துவிட்டது.

ஆய்வுகூடத்து ஏசி அடிக்கடி நின்றுவிடும். அறை சூடேறினால் எண் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். இரண்டையும் உள்ளபடி எழுதினேன். என் முதுகலை ஆய்வை இன்னும் ஒரு வருடம் நீட்டுவதா, இத்தோடு நிறுத்துவதா என்று தீர்மானிக்க வந்தவர் வேறு துறைப் பேராசிரியர்; எங்களுக்குச் சேர்.

"மாறிலி எண்டா மாறக்கூடாதே, பிள்ளை. காலையில ஒண்டு, பின்னேரம் வேற ஒண்டு. கவனமில்லாமல் அளந்திருக்கிறீர். சராசரியைப் போட்டிட்டு மிச்சத்தை வெட்டும்."

வெட்டாவிட்டால் வருடம் கிடைக்காது என்பதும் அவர் குரலில் இருந்தது. வெள்ளவத்தை வீட்டில் அம்மாவிடம் சொன்னால், அம்மாவும் அவர் பக்கம்.

"சொன்னபடி எழுதிக் குடுத்திட்டு வா. நீ முந்தி இப்பிடி எதிர்த்துக் கதைக்கிறேல்லை. நல்லா மாறிட்டாய். உன்னால எனக்குப் பிரஷர் கூடுது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயர் வைத்தவர்கள் பிழை விட்டதற்குப் பளிங்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? நான்தான் ஏன் சொல்ல வேண்டும்? ஒன்றையும் வெட்டவில்லை. அடுத்த நாள் சேரை வற்புறுத்தி ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன்.

ஏசியை நிறுத்தினேன். அவருக்கு வியர்த்தது, எண் இறங்கியது. திரும்பப் போட்டேன், ஏறியது. மற்றப் பொருட்கள் குளிரில் விறைக்கும், இந்தப் பளிங்கு குளிரில்தான் உள்ளே இளகிக் கொடுக்கும் என்றேன். அவர் முகம் இளகவில்லை. பளிங்கின் இன்னொரு துண்டு எண்ணெய் நிரப்பிய உருக்குக் கலத்துக்குள் இருந்தது. அந்தக் கலத்தின் பம்புப் பிடியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் அமுக்க அமுக்க எண் இறங்கிக்கொண்டே போனது. அணுக்கள் அசைய இடம் இருந்தால்தான் அந்த எண் பெரிதாக இருக்கும், நெருக்கினால் குறையும். அமுக்கத்தை விட்டதும் எண் பழைய இடத்துக்கே வந்து நின்றது. சேர் நம்பாமல் இன்னொரு முறை அமுக்கிப் பார்த்தார். அப்போதும் அப்படியே வந்து நின்றது.

"அப்ப நீர் இதையெல்லோ எழுதவேணும்?"

"இதைத்தான் எழுதியிருக்கிறன், சேர். இதைத்தான் வெட்டச் சொன்னனீங்கள்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, நீட்டச் சொல்லிப் பரிந்துரைக்கிறேன் என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"வெட்டிக் குடுத்திட்டியா?"

"இல்லை அம்மா. நான் மாறிட்டன் எண்டு சொன்னனீங்கள். அதுவும் நீங்கள் சரியா அளந்ததுதான்."