சாம்பாரில் ஊறிய மெனு கவர்

ஓசூரில் தொழிற்பேட்டைக்கு எதிரே நானும் என் மனைவியும் நடத்தும் ஹோட்டலில், ஆறே மாதத்தில் மூன்று செட் மெனு கார்டு செத்துப்போனது. முதல் செட் எண்ணெயில் ஊறியது. இரண்டாவதை, ஷிப்டு முடிந்து வியர்வையோடு வருகிறவர்கள் விசிறி விசிறியே உதிர்த்தார்கள். மூன்றாவதில் 'பரோட்டா' என்று இருந்த இடத்தில் சால்னா மட்டும் இருந்தது.

மூன்று முறையும் கவர் தேர்ந்தெடுத்த மேதை நான்தான். மனைவி பொறுமை இழந்தாள்.

"இந்தத் தடவையும் நாறிச்சுன்னா கல்லாவுல நான் உக்காருவேன். நீங்க உள்ள வந்து வெங்காயம் உரிங்க."

கல்லாவில் என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி சுற்றும். வருகிறவர்கள் 'மொதலாளி' என்பார்கள். இரண்டையும் விட எனக்கு மனசில்லை.

ஹோட்டலுக்கு முன்பு ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதகனாகப் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். அந்தத் திமிரில், பஜாரிலிருந்து மூன்று சாம்பிள் வாங்கிவந்து சமையல்கட்டை லேப் ஆக்கினேன். இரண்டு மணி நேரம் சாம்பாரில் ஊறவைத்தேன். மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டேன். அந்த நேரம் பார்த்து வெளியே வந்த மாஸ்டர், "ஏன் மொதலாளி, நான் வேணாம்னா நேராச் சொல்லிடுங்க, ஊருக்குப் போயிடறேன்" என்றார். கடைசியாக, தோசைத் திருப்பியைப் பழுக்கக் காய்ச்சி ஒவ்வொன்றின் மேலும் வைத்து அழுத்தினேன்.

ரெக்ஸின் கவர் அப்பளமாய்ப் பொரிந்தது. பிளாஸ்டிக்குக்கு மஞ்சள் காமாலை. நாலு மூலையிலும் பித்தளை பூட்டிய மூன்றாவது மட்டும், துடைத்ததும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. பழைய பழக்கத்தில் அதன்மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, 'ஓகே' எழுதி, கையெழுத்தும் போட்டேன். இருபது கவருக்கு ஆர்டர் கொடுத்தேன்.

கவர்கள் வந்த காலையில் மேஜை மேஜையாகப் போய் என் பரிசோதனைகளைப் பெருமையடித்தேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு கம்பெனிக்காரர்களில் ஒருவர், அடுத்து என்ன சொல்லலாம் என்று கவரை விரித்து மேஜையில் வைத்தார். கையை எடுத்தார். கவர் எலிப்பொறி மாதிரி டப்பென்று மூடிக்கொண்டது. கிண்ணம் எகிறி, சாம்பார் நாலு யூனிபார்மிலும் ஓரவஞ்சனை இல்லாமல் விழுந்தது.

"அண்ணா," என்றார் அவர், மூக்கிலிருந்த முருங்கைக்காயைத் தட்டிவிட்டபடி. "இத்தன டெஸ்ட் எடுத்தீங்களே, ஒருவாட்டி தொறந்து பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. ஊறவைத்தது, போட்டது, சுட்டது எல்லாமே மூடிய கவரைத்தான். மெனு கார்டைத் திறந்து படிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் அடக்கமுடியாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது; கல்லாவில் போய் உட்கார்ந்து சிரித்தேன். கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வெளியே வந்தாள்.

"என்னாங்க, சிரிச்சு முடிச்சாச்சா? எந்திரிங்க."

எழுந்தேன்.

இப்போது கல்லாவில் அவள். கவரை யாரும் தொடுவதே இல்லை. "என்னக்கா இருக்கு?" "ஏனிதெ அக்கா?" "ஏமுந்தி அக்கா?" தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எந்தப் பாஷையில் கேட்டாலும் அதே பாஷையில், ஒரே மூச்சில் மொத்த மெனுவையும் ஒப்பித்துவிடுகிறாள். இருபது கவரும் ஒரு கீறல்கூட இல்லாமல் அடுக்கில் தூங்குகின்றன. இவ்வளவு நாள் உழைக்கிற கவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று நான் சமையல்கட்டிலிருந்து சத்தமாகக் கேட்பதுண்டு.

"உள்ள யாருக்கா கத்தறது?" என்று நேற்று ஒருவர் விசாரித்தார்.

"புது ஆளு," என்றாள். "இன்னும் வேல பழகல."